இரண்டு பொய்களும் ஒரு தீவும்

முதலில் ஒரு பாவமன்னிப்பு.

போன வருடம் கோடை விடுமுறை முடிந்து காலேஜ் திறந்த அன்று, என் மொபைலில் இருந்த மாலத்தீவு படங்களைப் பார்த்துவிட்டு நம் கடைசி பெஞ்ச் மொத்தமும் கூச்சல் போட்டதே, ஞாபகம் இருக்கிறதா மக்களே? "மாப்ள, லாட்டரி எதுவும் அடிச்சிருச்சா?" என்று ஒருவன் கேட்டான். "எங்க சித்தப்பா அந்த ரிசார்ட்ல மேனேஜர்டா" என்று கெத்தாகச் சொன்னேன். அன்றைக்குக் கேன்டீனில் என் மரியாதையே வேறு மாதிரி இருந்தது. டீக்குக்கூட நான் காசு கொடுக்கவில்லை.

அது பொய். சித்தப்பா மேனேஜர் இல்லை. ஸ்டோர் கீப்பர். அரிசி, எண்ணெய், சோப்பு, டிஷ்யூ பேப்பர் எல்லாம் படகில் வந்து இறங்கும்போது எண்ணி, எடை போட்டு, எழுதி, உள்ளே அடுக்குகிறவர். இதைச் சொல்ல எனக்கு இத்தனை மாதம் ஆகியிருக்கிறது. சொல்ல ஆரம்பித்தாயிற்று, முழுசாகவே சொல்லிவிடுகிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சித்தப்பா 2010-ல் தூத்துக்குடியிலிருந்து அங்கே போனார். பன்னிரண்டாம் வகுப்பு வரைதான் படிப்பு. எங்கள் அப்பா 2016-ல் இறந்த பிறகு என் ஸ்கூல் ஃபீஸ், காலேஜ் ஃபீஸ், இதை நான் டைப் செய்யும் இந்தப் பழைய லேப்டாப் எல்லாம் அவர் காசு. போன வருடத்தோடு அவருக்கு அங்கே பதினைந்து வருட சர்வீஸ். அதற்குப் பரிசாக ரிசார்ட்டில் ஒரு கடிதம் கொடுத்தார்கள். குடும்பத்தோடு மூன்று ராத்திரி, விருந்தாளியாகவே தங்கிக்கொள்ளலாம். அறை வாடகையும் சாப்பாடும் இலவசம். அரசாங்க வரியும், மெனுவுக்கு வெளியே ஏதாவது வாங்கினால் அதுவும் நம் கணக்கு. மே மாதம் மழை தொடங்கிக் கூட்டம் குறையும் நேரம் என்பதால் அந்தத் தேதியைக் கொடுத்திருந்தார்கள்.

சித்தி, அவர்கள் மகள் பாப்பா (வயது ஒன்பது), பிறகு நான். அம்மா வரவில்லை. "பொண்டாட்டி பிள்ளைகளுக்கு மட்டும்தானாம், நீ துணைக்குப் போய்ட்டு வா" என்றாள். அப்படியென்றால் நான் எந்தக் கணக்கில் போகிறேன் என்று எனக்கு அப்போது கேட்கத் தோன்றவே இல்லை. ஓசியில் ஃபாரின் டூர் என்றால் மூளை எங்கே வேலை செய்கிறது!

திருவனந்தபுரத்தில் ஏறினால் தூங்கி எழுவதற்குள் இறக்கிவிடுகிறார்கள். விமானம் இறங்கும்போது ஜன்னலில் பார்த்தால் கடல் நடுவில் ஒரு சிமெண்ட் துண்டு மாதிரி ஓடுபாதை. விமான நிலையமே தனித் தீவு. தலைநகர் மாலே பக்கத்துத் தீவு. இரண்டுக்கும் நடுவே 2018-ல் திறந்த பாலம். வெளியே வந்தால் டாக்ஸி ஸ்டாண்டு இருக்க வேண்டிய இடத்தில் படகுகள் நிற்கின்றன. அங்கிருந்து ஸ்பீட் போட்டில் முக்கால் மணி நேரம். சித்தி கண்ணைத் திறக்கவே இல்லை, முருகா முருகா என்று ஒரே ஜபம்.

ரிசார்ட் படகுத்துறையில் ஆறேழு பேர் வரிசையாக, நெஞ்சில் கை வைத்துச் சிரித்தபடி நின்றார்கள். ஆளுக்கொரு குளிர்ந்த ஈரத்துண்டு, ஒரு இளநீர். வரிசையின் கடைசியில் புதுச் சட்டையும் இஸ்திரி போட்ட பேண்டுமாகச் சித்தப்பா. அவருடைய ஆட்களே அவருக்கும் ஒரு ஈரத்துண்டைத் தட்டில் வைத்து நீட்டி "வெல்கம் சார்" என்று கலாய்த்தார்கள். அவர் அதை வாங்கி முகம் துடைக்கவில்லை. நாலாக மடித்துத் தட்டிலேயே திருப்பி வைத்தார். "எதுக்குலே வீணா ஒரு துண்டு லாண்டரிக்கு" என்றார்.

அறையைப் பற்றிச் சொல்லவேண்டும். அறை என்பது தப்பு, தனி வீடு. கதவைத் திறந்தால் இருபது அடியில் கடல். கட்டில் எங்கள் வீட்டு முன்கூடம் அளவு. குளியலறைக்குக் கூரை இல்லை, மேலே வானம். சித்தி உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வெளியே வந்து, "ஏங்க, காக்கா பாக்குமே" என்றார். கடைசிவரை நைட்டியோடுதான் குளித்தார்.

சித்தப்பா வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். சோப்பை எடுத்து, "இது ஒரு பெட்டிக்கு 200 வரும்" என்றார். காப்பிப் பொடி பாக்கெட், செருப்பு, தையல் ஊசி செட் எல்லாவற்றுக்கும் அவரிடம் ஒரு கோட் நம்பர் இருந்தது. "எல்லாம் நான் அனுப்புறதுதாம்லே. ஆனா எங்க வைக்காவன்னு இன்னைக்குத்தான் பாக்கேன்" என்றார். பதினைந்து வருடத்தில் ஒரு அறைக்குள்ளும் அவர் போனதில்லை. ஸ்டோர் ஆட்களுக்கு அந்தப் பக்கம் வேலை கிடையாது, வேலை இல்லாமல் அந்தப் பக்கம் போகவும் கூடாது.

அன்றைக்கு இந்த அறைக்கு இணையத்தில் போட்டிருந்த வாடகை ஒரு ராத்திரிக்கு 600 டாலர். 85 ரூபாய் கணக்கில் 51,000. அதுவும் சீசன் இல்லாத விலை. நம் செமஸ்டர் ஃபீஸ் எவ்வளவு என்று உங்களுக்கே தெரியும். நான் அன்று ராத்திரி அந்தக் கட்டிலில் படுத்து, தூங்கினால் மணிக்கு எவ்வளவு வீணாகிறது என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். காமர்ஸ் படித்தால் இப்படித்தான் ஆகும்.

சாப்பாடு பஃபே. நான் பசியோடு பார்த்தேன், சித்தப்பா ஸ்டாக் எடுக்கிற மாதிரி பார்த்தார். "இந்த ஆட்டுக்கறி ஆஸ்திரேலியா. ஆப்பிள் இன்னொரு தேசம். மீன் மட்டும் இந்த ஊரு." அந்த நாட்டில் பவள மணல்தான் நிலம். பெரிதாக எதுவும் விளையாது. தேங்காய், மீன் தவிர அநேகமாக எல்லாமே கப்பலிலும் விமானத்திலும் வரவேண்டும். நம் தூத்துக்குடியிலிருந்து மாலேக்குத் தோணிகளில் காய்கறியும் கட்டடச் சாமான்களும் போவது பலருக்குத் தெரிந்திருக்கும். எங்கள் தாத்தா பழைய துறைமுகத்தில் தோணிக்குச் சரக்கு ஏற்றியவர். அப்பன் இந்தக் கரையில் ஏற்றினார், மகன் அந்தக் கரையில் இறக்குகிறார். படகுக்கு அவர்கள் மொழியான திவேஹியில் 'தோனி' என்றுதான் பெயர்.

காலையில் மாஸ் ஹுனி என்று ஒரு அயிட்டம். சூரை மீனை உதிர்த்து, தேங்காய்த் துருவல், வெங்காயம், மிளகாய், எலுமிச்சை போட்டுப் பிசைந்து ரொட்டியோடு தருகிறார்கள். சித்தி ஒரு வாய் வைத்துவிட்டு, "இதுக்கா இவ்வளவு தூரம் வந்தோம்? நம்ம மாசிச் சம்பலுக்கு அக்கா தங்கச்சி மாதிரில்லா இருக்கு" என்றார். ஆனால் மூன்று நாளும் அதைத்தான் சாப்பிட்டார்.

இங்கே கொஞ்சம் பாடம் நடத்திக்கொள்கிறேன். மாலத்தீவில் சுமார் 1,200 தீவுகள். மக்கள் வசிப்பது 200-க்கும் குறைவானவற்றில். முதல் ரிசார்ட் 1972 அக்டோபர் 3-ல் திறந்தது, பெயர் குரும்பா. திவேஹியில் குரும்பா என்றால் இளநீர்த் தேங்காய். நாம் தென்னம் பிஞ்சைக் குரும்பை என்கிறோமே, அதற்குச் சொந்தக்காரன். அதற்குப் பிறகு வந்த ஏற்பாடுதான் ஒரு தீவு, ஒரு ரிசார்ட். ஆளில்லாத தீவு ஒன்றைக் குத்தகைக்கு எடுத்து, மொத்தத் தீவையும் ஒரே ஹோட்டல் ஆக்குவது. 2024-ல் இருபது லட்சத்துக்கு மேல் வெளிநாட்டுக்காரர்கள் வந்துபோயிருக்கிறார்கள்.

ஒரு தீவு ஒரு ரிசார்ட் என்றால் கேட்க ரொமான்டிக்காக இருக்கிறது. கணக்குப் பாருங்கள். ஊர் கரண்ட் இல்லை, சொந்த ஜெனரேட்டர். முனிசிபல் தண்ணீர் இல்லை, கடல் தண்ணீரைச் சுத்திகரிக்கும் இயந்திரம். சாக்கடை, குப்பை, மருத்துவர், தீயணைப்பு எல்லாம் சொந்தம். வேலைக்காரர்கள் சாயங்காலம் வீட்டுக்குப் போக முடியாது, அவர்களுக்கும் அங்கேயே இடம் வேண்டும். ஆகமொத்தம் அது ஒரு சின்ன ஊராட்சி. விருந்தாளி ஒருத்தர்கூட இல்லாவிட்டாலும் ஜெனரேட்டர் ஓடியாகவேண்டும். நிலையான செலவு, மாறும் செலவு என்று நாம் மனப்பாடம் செய்தோமே, அதை அந்தத் தீவில் சத்தமாகவே கேட்கலாம். டுர்ர்ர் என்று.

ஆனால் அந்தச் சத்தம் விருந்தாளிக்குக் கேட்காது. தீவின் நடுவில் அடர்த்தியாக மரமும் செடியும் வைத்து மறைத்திருக்கிறார்கள். செடிகளுக்கு நடுவே ஒரு சாதாரண மரக்கதவு. அதைத் தாண்டினால் அந்த ஊராட்சி இருக்கிறது.

இரண்டாம் நாள் விடியற்காலை ஐந்து மணிக்குச் சித்தப்பா என்னை எழுப்பினார். "லீவுதான். ஆனாலும் இன்னைக்குச் சரக்குப் படகு வருது. ஒரு எட்டு பாத்துட்டு வந்துருவோம்."

பின்பக்கப் படகுத்துறையில் மழைக்கோட்டு போட்டுக்கொண்டு வங்காளதேசத்துப் பையன்கள் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார்கள். சித்தப்பாவைப் பார்த்ததும் எல்லார் முகத்திலும் ஒரு நிம்மதி. அவருக்குப் பதிலாக நின்ற பையன் தக்காளிப் பெட்டியை முன்னால் வைத்துக்கொண்டிருந்தான். சித்தப்பா ஒன்றும் சொல்லாமல் பழைய பெட்டியை முன்னுக்கு இழுத்து, புதியதைப் பின்னால் தள்ளினார். முதலில் வந்தது முதலில் போகவேண்டும். நம் காஸ்ட் அக்கவுண்டிங் பேப்பரில் வந்த அதே முறை. ஒவ்வொரு அலமாரியிலும் ஒரு அட்டை தொங்கியது. வந்தது, போனது, மிச்சம். நாம் படித்த பின் கார்டு. அந்தப் பேப்பரில் நான் வாங்கியது 42 மார்க். இவர் பன்னிரண்டாவது.

"சரக்கு எப்ப ஆர்டர் போடணும்னு எப்படி முடிவு பண்ணுவீங்க?" என்று கேட்டேன். ஃபார்முலா சொல்லி அசத்தலாம் என்று ஒரு ஆசை.

"ஒரு நாளைக்கு அதிகபட்சம் எவ்வளவு போகும், வந்துசேர அதிகபட்சம் எத்தனை நாளாகும், ரெண்டையும் பெருக்கிக்கோ" என்றார். அப்படியே நம் புத்தகத்து ஃபார்முலா. பிறகு, "அதோட காத்தையும் சேத்துக்கோ. இந்த ஊர்ல ஹுலாங்குன்னு சொல்லுவாவ, தென்மேற்குக் காத்து. அது எந்திரிச்சா படகு மூணு நாள் வராது. விருந்தாளிக்கு அது தெரியக்கூடாது. அவன் காலையில கேக்க தர்பூசணி ஜூஸ் காலையில இருக்கணும்" என்றார்.

இந்தக் காற்று எந்தப் புத்தகத்தில் இருக்கிறது?

திரும்பும் வழியில் அவருடைய அறைக்குப் போனோம். நாலு பேர், இரண்டு அடுக்குக் கட்டில்கள், நாலு இரும்பு அலமாரிகள். சுத்தமாகத்தான் இருந்தது. ஆனால் எங்கள் வில்லாவின் குளியலறை இதைவிடப் பெரிது. அலமாரியைத் திறந்தார். கதவின் உள்பக்கம் பாப்பாவின் ஸ்கூல் படம், அதற்குக் கீழே என் பன்னிரண்டாம் வகுப்பு மார்க் ஷீட்டின் ஜெராக்ஸ். மேல் கட்டிலில் படுத்திருந்த கேரளத்துக்காரர் என்னைப் பார்த்து எழுந்து உட்கார்ந்தார். "ஓ, இதுதானா பி.காம் படிக்கிற மகன்!" என்றார்.

மகன்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மனைவி, பிள்ளைகளுக்கு மட்டும் என்றால் நான் எப்படி வந்தேன்? வெளியே வந்து கேட்டேன். சித்தப்பா கொஞ்சம் நெளிந்தார். "ஃபாரத்துல மகன்னு எழுதிட்டேன். ஆபீஸ்ல பாஸ்போர்ட்டைப் பாத்துட்டு, அப்பா பேரு வேற இருக்கேன்னு கேட்டாவ. எங்க ஊர்ல அண்ணன் மகன்னா மகன்தான்னு சொன்னேன். சிரிச்சிட்டுக் கையெழுத்துப் போட்டுட்டாவ. பொய் சொன்னதா நெனச்சுக்காதல."

நான் ஒன்றும் சொல்லவில்லை. நானும் அவரைப் பற்றி ஒரு பொய் சொல்வேன் என்று அப்போது எனக்கே தெரியாது.

அன்றைக்கு மதியம் மழை விட்டது. சித்தப்பாவைக் கடலுக்குள் இழுத்துப் போனோம். ஊழியர்கள் குளிக்கத் தீவின் பின்பக்கம் ஒரு சின்னத் துண்டு கரை உண்டு. முன்பக்கக் கடலில் அவர் காலை நனைத்ததே இல்லை. முதலில் பேண்டை மடித்துக்கொண்டு நின்றார். யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பித் திரும்பிப் பார்த்தார். பாப்பா தண்ணீரை வாரி அடித்ததும் விட்டுவிட்டார். தூத்துக்குடிக்காரர் இல்லையா, கொஞ்ச நேரத்தில் மல்லாந்து படுத்து மிதந்தார். தண்ணீர் கண்ணாடி. இடுப்பளவு ஆழத்திலேயே கிளி அலகு மாதிரி வாய் உள்ள மீன்கள் பவளத்தைக் கொறிக்கிற சத்தம் தலையை முக்கினால் கேட்கிறது. அந்த மீன் கொறித்துக் கழிக்கிற பவளத்தூள்தான் அங்கே வெள்ளை மணலில் பெரும்பங்காம். அதைக் கேட்டபிறகு பாப்பா மணலில் நடக்கவே யோசித்தாள் :-)

உண்மையைச் சொல்கிறேன், நான் அங்கே சந்தோஷமாக இருந்தேன். எல்லாவற்றையும் பார்த்த பிறகும். அந்த நீலத்தைக் குறை சொல்ல என்னால் முடியாது.

மூன்றாம் நாள் இரவு பில் வந்தது. பசுமை வரி, தலைக்கு ஒரு நாளைக்கு 12 டாலர். நாலு பேர், மூன்று நாள், 144 டாலர். அது போக, பாப்பா அடம் பிடித்து வாங்கிய தர்பூசணி ஜூஸ் ஒன்று. மெனுவில் 10 டாலர், பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி. அந்தக் கூட்டல் குறிகளில்தான் இருக்கிறது விஷயம். முதல் கூட்டல் 10 சதவீத சேவைக் கட்டணம், 11 ஆயிற்று. இரண்டாவது கூட்டல் சுற்றுலா ஜி.எஸ்.டி, அப்போது 16 சதவீதம் (2025 ஜூலையில் 17 ஆக்கிவிட்டார்கள்). 12 டாலர் 76 சென்ட். ஆயிரத்து எண்பது ரூபாய்க்கு ஒரு தர்பூசணி ஜூஸ்!

"கொள்ளை" என்றேன்.

சித்தப்பா பேனாவால் அந்த ஒரு டாலரை வட்டமிட்டார். "இது யாருக்குப் போகுது தெரியுமா? எங்களுக்கு. மாசக் கடைசியில மொத்தத்தையும் கூட்டி எல்லாருக்கும் சமமாப் பிரிப்பாவ. மேனேஜருக்கும் ஒரு பங்கு, எனக்கும் ஒரு பங்கு. சீசன்ல இது என் சம்பளத்தைவிடக் கூட வரும். சம்பளம் வீட்டுச் செலவுக்கு. உன் ஃபீஸ் இதுலதான்."

நான் அந்த ஒரு டாலரையே பார்த்துக்கொண்டிருந்தேன். 2020 ஞாபகம் வந்தது. மார்ச் 27-லிருந்து ஜூலை 15 வரை அந்த நாடு விருந்தாளிகளுக்குக் கதவைச் சாத்தியது. கூட்டல் குறியும் இல்லை, பங்கும் இல்லை. நான் அப்போது ஒன்பதாவது. அந்த வருடம் ஏன் பணம் குறைவாக வருகிறது என்று அம்மாவிடம் கத்தியிருக்கிறேன். அம்மா சங்கிலியை அடகு வைத்தது எனக்குப் பிறகுதான் தெரியும். சித்தப்பா அந்த மாதங்களில் பாதிச் சம்பளத்தில், காலியான தீவில், கெட்டுப்போகிற சரக்கை எண்ணி எழுதிக்கொண்டு இருந்திருக்கிறார். திரும்பி வந்துவிடலாம் என்று நினைத்தாராம். "நீ ஸ்கூல் முடிக்கணும்லா" என்றார், ஏதோ பஸ்ஸுக்கு நிற்கிற மாதிரி.

"இன்னும் எத்தனை வருஷம் சித்தப்பா?"

"நீ சொல்லு. அடுத்து எம்.காமா, எம்.பி.ஏ.வா?"

நான் பதில் சொல்லவில்லை.

மறுநாள் காலை புறப்பட்டோம். படகு விலகும்போது ஊழியர்கள் வரிசையாக நின்று, படகு மறையும்வரை கையாட்டுவது அங்கே வழக்கம். சித்தப்பாவின் விருந்தாளிக் கணக்கு அன்று காலையோடு முடிந்துவிட்டது. சீருடை போட்டுக்கொண்டு அந்த வரிசையில் போய் நின்றார். எல்லோரும் ஒரே மாதிரி ஆட்டினார்கள். கொஞ்ச தூரம் வந்த பிறகு அதில் எது அவர் கை என்று எனக்குத் தெரியவில்லை. பாப்பா மட்டும், "அந்தா அப்பா, அந்தா அப்பா" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். சித்தி இந்த முறை கண்ணை மூடவில்லை.

அதையெல்லாம் பார்த்துவிட்டு வந்துதான், மூன்று வாரம் கழித்து, உங்களிடம் மேனேஜர் என்று சொன்னேன். ஏன் சொன்னேன் என்று யோசித்துப் பார்த்தேன். ஸ்டோர் கீப்பர் என்று சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள் என்று நினைத்தேன். நீங்கள் சிரித்திருக்க மாட்டீர்கள் என்பது இப்போது தெரிகிறது. சிரித்தாலும் என்ன?

அவர் என்னைப் பற்றி ஒரு பொய் சொன்னார், நான் அவரைப் பற்றி ஒரு பொய் சொன்னேன் என்றுதான் தலைப்பு வைத்தேன். எழுதி முடிக்கும்போது பார்த்தால் கணக்கு இடிக்கிறது. அண்ணன் மகன் மகன் முறைதான். சித்தப்பா என்ற சொல்லிலேயே அப்பா இருக்கிறார். அவர் ஃபாரத்தில் எழுதியது பொய்யே இல்லை. ஆக, பொய் ஒன்றுதான். அது என்னுடையது. அதை இன்றோடு கணக்கிலிருந்து நீக்கிவிடுகிறேன்.

எம்.பி.ஏ. இப்போதைக்கு வேண்டாம் என்று நேற்று ராத்திரி போனில் சொன்னேன். டிகிரி முடித்ததும் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் சேர்ந்துகொண்டு மேலே படிக்கலாம் என்று இருக்கிறேன். அவர் திட்டினார். கால் மணி நேரம் திட்டினார். பிறகு, "அப்ப இந்த சீசன் முடிஞ்சு யோசிப்போம்" என்றார். பின்னால் ஜெனரேட்டர் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

டீக் காசு பாக்கியை நாளைக்குக் கேன்டீனில் கொடுத்துவிடுகிறேன் மக்களே.